தூணைச் சுற்றி ஒரு சாண்

கொக்கி வளைவில் மூன்று தூண்கள் போய்விட்டன என்று போன் வந்தபோது மேஸ்திரி சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். மீதிப் பொத்தான்களை வண்டியில் போகிற போக்கில்தான் போட்டார். சாலையோர இரும்புத் தடுப்புகளை நடுவதும், அடிபட்டவற்றை நிமிர்த்துவதும் இருபத்திரண்டு வருடமாக அவர் பிழைப்பு. வண்டி மோதினால் தூண் சாயும், தகடு நெளியும், ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சரிசெய்துவிட்டு வருவார். அதற்கெல்லாம் பதறுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் பதறியதற்குக் காரணம் அடிபட்ட இடம். கொக்கி வளைவில் இரண்டு வருடமாக ஒரு தூண்கூட அசைந்தது கிடையாது. இனிமேலும் அசையாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

ஆட்கள் அவரை நூலு மேஸ்திரி என்பார்கள். நட்ட தூண்களின் தலையோடு தலை நூல் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, ஒரு விரற்கடை பிசகியிருந்தாலும் பிடுங்கி நடச் சொல்கிறவர். அவரோடு பதினைந்து வருடமாக வேலை செய்கிற குண்டூசி, பேருக்கேற்ற ஒல்லி, மேஸ்திரி தன் கல்யாணத்தன்றும் மாலை சரியாகத் தொங்குகிறதா என்று நூல் பிடித்திருப்பார் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

வளைவில் ஒரு ரொட்டி வண்டியைக் கிரேன் மேலே தூக்கி ஓரமாக வைத்திருந்தது. வண்டிக்கு முகமே இல்லை. ரொட்டித் தட்டுகள் சரிவு முழுக்கச் சிதறிக் கிடந்தன. ஓட்டியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயாகிவிட்டது. இடது கால் இரண்டு இடத்தில் முறிவு, உயிருக்குப் பயமில்லை என்றார்கள். பள்ளத்தில் பாதி தூரம் இறங்கிய வண்டியை ஒரு மரம் பிடித்து நிறுத்தியிருந்தது. நிறுத்த வேண்டியது தடுப்பு. நிறுத்தியது மரம். போலீஸ்காரர் சாலையில் டயர் தடத்தை அளந்து, அதிவேகம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மேஸ்திரி குந்தி உட்கார்ந்து தூண்களைப் பார்த்தார். மூன்றும் தரையோடு தரையாக மடங்கிக் கிடந்தன. சாயவில்லை, மடங்கியிருந்தன. முதல் தூணில் சக்கரம் கொக்கி போட்டதுபோல் மாட்டியிருந்ததற்கான தடம் தெரிந்தது. அந்த இழுப்பில் தகடு இணைப்பு போல்ட் வரிசையில் கிழிந்து, வாய் பிளந்து, வண்டிக்கு வழிவிட்டிருந்தது. தூணைச் சுற்றிய தாரில் ஒரு கீறல்கூட இல்லை.

பழைய தூணை எடுக்க லோடர் வண்டியில் சங்கிலி கட்டி இழுத்தார்கள். தார் விடவில்லை. கடைசியில் பிரேக்கர் போட்டு உடைத்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது. மண்ணுக்குள் இருந்த பாகம், இரண்டு வருடத்துக்கு முன்னால் அடித்து இறக்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே, அடிக்குச்சிபோல நேராக இருந்தது. தார் மட்டத்தில் மட்டும், முழங்கால் தப்பான பக்கம் மடிந்தமாதிரி ஒரே மடிப்பு. மேஸ்திரி அந்த மடிப்பைக் கையால் தடவினார்.

மண்ணில் நின்ற எத்தனையோ தூண்களை அவர் நிமிர்த்தியிருக்கிறார். அடி விழுந்தால் தூண் மண்ணைத் தள்ளிக்கொண்டு சாயும். முன்னால் ஒரு பிறை வடிவப் பள்ளம் விழும், பின்னால் மண் மேடு தட்டி நிற்கும். ஒரு தூண் சாய்ந்து அடுத்த தூணிடம் அடியைக் கைமாற்றும், அது அதற்கடுத்ததிடம். நடுவில் போல்ட் கழன்று தகடு தூணை விட்டுவிடும், ஆனால் உயரம் இறங்காமல் வண்டியை உரசிக்கொண்டே கூட்டிப்போய் எங்கோ நிறுத்தும். அப்படிச் சாய்ந்த தூண்களைத்தான் அவர் இத்தனை வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தார், கள்ளுக் குடித்தவன் மாதிரி நிற்கிறது பார் என்று. அந்தச் சாய்வில்தான் வண்டியின் வேகம் கரைந்துகொண்டிருந்தது என்பது அந்த மடிப்பைத் தடவும்போதுதான் அவருக்கு உறைத்தது.

அந்தத் தாரைப் போட்டது அவர். இன்ஜினியர் சொல்லிப் போட்டதில்லை, ஆர்டர் வந்து போட்டதும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த ஓரமெல்லாம் வெறும் மண், இடுப்பளவு புல். தூண்களுக்கு நடுவே புல் வெட்டும் எந்திரம் நுழையாது. பெண்கள் நான்கு பேர் அரிவாளோடு குனிந்து வெட்டுவார்கள், முதுகுக்குப் பின்னால் லாரி பறக்கும். அவர்களில் மூத்த அக்காவுக்கு ஒரு நாள் லாரிச் சக்கரம் தெறித்த கல் நெற்றியில் பட்டுத் தையல் போட்டார்கள். மேஸ்திரிக்கு மனசு கேட்கவில்லை. சாலையில் குழி அடைக்கிற வண்டியில் சாயங்காலம் எப்படியும் கொஞ்சம் தார்க்கலவை மிஞ்சும். ஆறினால் கல்லாகிவிடும், எங்காவது கொட்டித்தான் ஆகவேண்டும். அதைத் தினமும் கொக்கி வளைவுக்குக் கொண்டுவந்து தூணைச் சுற்றிப் பரப்பினார். சும்மா பரப்பவில்லை. தூணின் இரும்போடு ஒட்டி, மூலை முடுக்கெல்லாம் திமிசு போட்டு இடித்து, நகம் நுழைகிற இடம்கூட விடாமல் இறுக்கினார். நான்கு மாதத்தில் நூற்று அறுபத்து நான்கு தூணும் முடிந்தது. புல் செத்தது. வளைவு முழுக்க மை தீட்டினமாதிரி ஒரு கறுப்புக் கரை. பழைய அதிகாரி வந்து பார்த்து முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த மாதமே மாற்றலாகியும் போனார்.

அன்று உடைத்த இடத்தில் மூன்று புதுத் தூண்களை நட்டுவிட்டுக் குண்டூசி கலவை கேட்டான். மேஸ்திரி வேண்டாம் என்றார். மண்ணை மட்டும் தள்ளி மூடச் சொன்னார். ஏன் என்று அவன் கேட்டதற்கு, கலவை தீர்ந்துவிட்டது என்றார். வண்டியில் கலவை புகைந்துகொண்டிருந்தது. குண்டூசி வண்டியைப் பார்த்தான், மேஸ்திரியைப் பார்த்தான், மண்ணைத் தள்ளினான்.

மூன்று போக மீதி நூற்று அறுபத்தொன்று.

மேஸ்திரியின் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, ஒரு தையல் தொழிற்சாலையின் ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறான். காலையில் பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு கொக்கி வளைவு வழியாகப் போவான், சாயங்காலம் அதே வழியில் கூட்டி வருவான். இவர் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவனுடையது. வேலை முடிந்து வந்ததும் அக்கா வீட்டில் ஒரு டீ குடிக்காமல் அவன் வீட்டுக்குப் போனது கிடையாது. அன்றைக்கும் வந்தான். ரொட்டி வண்டி பேச்சு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்ததாகவும், காலுக்குள் கம்பி வைத்திருப்பதாகவும் சொன்னான். தான் வேகமாகப் போகவில்லை, எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியதுதான் என்று அந்த மனுஷன் கண்ணீர் விட்டானாம். யாரும் நம்பவில்லையாம்.

மேஸ்திரி டம்ளரையே பார்த்துக்கொண்டு, நீ எப்படி அந்த வளைவில் போகிறாய் என்று கேட்டார்.

"எனக்கென்ன மாமா, உங்க தடுப்பு இருக்கே. நீங்க தார் போட்டதுக்கப்புறம் ரோடு ஒரு முழம் அகலமான மாதிரி இருக்கு. எதிர்ல லாரி வந்தா அந்தக் கறுப்பு மேல ஏறி, தகட்டை உரசற மாதிரி ஒட்டிக்கிட்டே போயிடறேன்."

"கீழ் ரோட்டுல போயேன்."

"இருபத்தஞ்சு நிமிஷம் கூட ஆகும். பதினாலு பேருக்கும் லேட் போடுவாங்க. பதினாலு பேரும் என்னைத் துணியோட வெச்சுத் தெச்சிடுவாங்க."

அக்காளும் தம்பியும் சிரித்தார்கள். மேஸ்திரி எழுந்து போய்ச் சொட்டாத குழாயை இறுக்கி மூடினார்.

அதற்குப் பிறகு அவருக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் கால் ஆடும். கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவார், விட்ட கதவுக்கே மறுநாளும் விடுவார். காலை ஏழே கால் ஆனால் வாசலுக்கு வந்து நிற்பார், வேன் தெருமுனை திரும்பும்வரை பார்ப்பார். ஏழே முக்காலுக்கு வேன் வளைவைத் தாண்டியிருக்கும். அதுவரை அவர் கையில் எடுத்த ஸ்பேனர் கையிலேயே இருக்கும். சாயங்காலம் ஆனால் மறுபடி அதே கதை. உன் தம்பி கிளம்பிவிட்டானா, உன் தம்பி வந்துவிட்டானா என்று இதே விசாரிப்பு.

ஐந்தாவது நாள் மனைவி அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "என் தம்பிக்குப் பொண்ணு பார்த்தப்பகூட நீங்க இவ்வளவு அக்கறையா விசாரிச்சதில்ல. என்ன விஷயம்?"

ஒன்றுமில்லை என்றார். அவள் அரிசியைக் களைந்து முடித்துத் தண்ணீரை இறுத்துவிட்டு, ஒன்றுமில்லாததற்கு ஒரு மனுஷன் ஐந்து நாள் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு போகமாட்டான் என்றாள். அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். அன்றைக்கும் மாற்றித்தான் போட்டிருந்தார்.

மைத்துனனிடம் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை பலமுறை வந்தது. சொன்னால் மறுநாளே பதினான்கு பேருக்கும் தெரியும், பத்தாவது நாள் ரொட்டி வண்டிக்காரர் காதுக்குப் போகும். அதற்கு முன்னால் ஆபீஸில் சொல்லி, சத்தம் போடாமல் தாரை எடுத்துவிட்டால் எல்லாம் நல்லபடி முடிந்துவிடாதா என்று அவருக்கு ஒரு நப்பாசை.

எட்டாவது நாள் இன்ஜினியரம்மாவைப் பார்க்கப் போனார். ஆறு மாதம் முன்னால் மாற்றலில் வந்தவர், வயதில் மேஸ்திரியைவிட நாலைந்து குறைவு, எதையும் காகிதத்தில் பார்க்காமல் நம்பாதவர். கொக்கி வளைவில் தூணைச் சுற்றித் தார் இறுகியிருக்கிறது, அது தூணுக்குக் கெடுதல், உடைக்க அனுமதி வேண்டும் என்று மேஸ்திரி நின்றபடியே சொன்னார். அந்தம்மா கோப்பை எடுத்துப் பார்த்தார். கோப்பில் அந்த ஓரம் இன்னும் மண்தான். தார் போட்டதாக ஒரு வரி இல்லை. இருக்காது, மிஞ்சிய கலவைக்கு யார் கணக்கு எழுதினார்கள்.

"இல்லாத தாரை உடைக்க நான் எப்படி ஆர்டர் போடறது?" என்றவர், தார் இறுகினால் தூணுக்குப் பலம்தானே, அதில் கெடுதல் எங்கே வந்தது என்றும் கேட்டார். மேஸ்திரிக்குக் கையால் சாய்த்துக் காட்டத் தெரிந்ததே தவிர வாயால் விளக்கத் தெரியவில்லை. அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சரி, அதைப் போட்டது யாரு?"

மேஸ்திரி சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார். "தெரியலைங்க மேடம்."

அப்படியானால் ஆள் அனுப்பி அளந்து, மேலிடத்துக்கு எழுதி, பதில் வந்த பிறகுதான் கைவைக்க முடியும், மூன்று மாதமாவது ஆகும் என்றார் அந்தம்மா. மேஸ்திரி தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். படியிறங்கும்போது கடைசிப் படி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தடுக்கியது. இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஆபீஸில் அவர் சொன்ன முதல் பொய் அது. அதுவும் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அவரை அரித்தது.

அடுத்த சில நாள் அவர் தன்னோடு தானே வாதாடினார். தகடு பழையது, அதனால் கிழிந்திருக்கும். ரொட்டி வண்டிக்காரர் நிஜமாகவே வேகமாகப் போயிருப்பார், அந்த மடிப்பு அந்த வேகத்துக்கு எந்த மண்ணிலும் விழுந்திருக்கும். இப்படி ஒவ்வொன்றாக எடுத்து நூல் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் நேராக நிற்கவில்லை. கடைசியில், பார்த்தே விடுவது என்று ஆயிற்று. தன் கணக்கு தப்பு என்று தெரிந்தால் போதும், நிம்மதியாகச் சாப்பிடலாம்.

பதினேழாவது நாள், புதன்கிழமை, ஆபீஸுக்குப் பின்னால் உள்ள கிடங்கு முற்றத்தில் குண்டூசியை வைத்துக்கொண்டு இரண்டு தூண்களை நட்டுச் சோதித்தார். ஒரே அளவு, ஒரே ஆழம். ஒன்று வெறும் மண்ணில். இன்னொன்றை நாலு நாள் முன்னாலேயே இறக்கி, சுற்றித் தார்க்கலவை போட்டு, அன்றைக்கு வளைவில் இடித்தமாதிரியே இடித்து இறுக்கி ஆறவிட்டிருந்தார். லோடர் ஓட்டுகிறவரை எல்லோரும் ஆமை என்பார்கள், அவர் வேகமாக ஓட்டி யாரும் பார்த்ததில்லை. அவரிடம் மேஸ்திரி, வாளியைத் தகடு மட்டத்துக்கு இறக்கி, முற்றத்தின் மூலையிலிருந்து ஒரே வேகத்தில் வந்து இடிக்க வேண்டும் என்றார். ஆமை, தன் பெயருக்குக் களங்கம் வந்துவிடும் என்று கவலைப்பட்டுவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தார்.

முதல் இடி மண் தூணுக்கு. தூண் முனகியது, மண் பின்னால் மேடு தட்டியது, லோடர் ஓர் ஆள் நீளம் அதைத் தள்ளிக்கொண்டு போய், மூச்சு வாங்கி நின்றது. தூண் சாய்ந்து நின்றது, உடையவில்லை.

இரண்டாவது தூணில் இடித்தபோது சத்தமே வேறாக இருந்தது. சுவரில் மோதினமாதிரி லோடர் முன்னால் ஒரு குத்துக் குத்தியது, ஆமையின் தலை கண்ணாடியில் இடித்தது. அடுத்த கணம் தூண் தார் மட்டத்தில் மடங்கிப் படுத்தது, வாளி அதன்மேல் ஏறி அந்தப் பக்கம் போய்விட்டது. தார் அப்படியே இருந்தது.

ஆமை இறங்கி வந்து நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். குண்டூசி குந்தி அந்த மடிப்பைக் கையால் தடவிப் பார்த்தான்.

சத்தம் கேட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்த இன்ஜினியரம்மா எப்போது இறங்கி வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. இரண்டு தூண்களையும் மாறி மாறிப் பார்த்தார். மண் மேட்டைச் செருப்பு நுனியால் தட்டிப் பார்த்தார். பிறகு கிடங்குக்குள் போய், கதவுக்குப் பின்னால் சுவரில் பல வருடமாக ஒட்டியிருந்த தடுப்பு வரைபடத்தின் முன்னால் நின்றார். தூசியைக் கையால் துடைத்துக் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த குறிப்பைப் படித்தார். தளம் போடுகிற இடத்தில் தூணைச் சுற்றி ஒரு சாண் இடம் விட வேண்டும், பின்பக்கம் இன்னும் கூடுதலாக, அதை இளகிய மண்ணால் மட்டும் நிரப்ப வேண்டும். மேஸ்திரி அந்தப் படத்தில் தூணின் உயரத்தையும் இடைவெளியையும் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். கீழே உள்ள பொடி எழுத்து வரைக்கும் அவர் குனிந்தது கிடையாது.

"மேடம்," என்றார். "அன்னிக்குத் தெரியலைன்னு சொன்னது பொய். கொக்கி வளைவுல தார் போட்டது நான்தான். யாரும் சொல்லலை. நானாப் போட்டேன்."

அந்தம்மா கையில் ஒட்டிய தூசியைத் தட்டினார். திட்டுவார் என்று மேஸ்திரி எதிர்பார்த்தார். திட்டவில்லை. இதை எழுத்தில் கொடுத்தால் அவசர வேலை என்று நாளைக்கே கோப்பில் ஏற்ற முடியும், மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம் என்றார். ஆனால் எழுத்தில் கொடுத்தால் ரொட்டி வண்டி வழக்கிலும் அந்தக் காகிதம் போய் நிற்கும், விசாரணை வரும், வேலைக்கு என்ன ஆகும் என்று தன்னால் உத்தரவாதம் சொல்ல முடியாது என்றும் சொன்னார். "யோசிச்சுக் குடுங்க."

"யோசிச்சதாலதாங்க இத்தனை நாள் ஆச்சு," என்றார் மேஸ்திரி.

கிடங்கு மேஜையில் உட்கார்ந்து எழுதினார். பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்த முறையிலேயே, அனுப்புநர், பெறுநர், பொருள் என்று கோடு போட்டுத் தொடங்கினார். முதல் தாளில் புல் வெட்டுகிற அக்காவின் நெற்றித் தையலைப் பற்றி எழுதினார். அது சாக்குச் சொல்கிறமாதிரி இருந்தது, கிழித்தார். இரண்டாவது தாளில் பழைய அதிகாரி பாராட்டியதை எழுதினார், அதையும் கிழித்தார். மூன்றாவது தாள் ஒரு பக்கம்கூட வரவில்லை. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எத்தனை தூண்களுக்கு, எவ்வளவு கனத்தில், எப்படி இடித்து இறுக்கினேன் என்பதும், ரொட்டி வண்டி மோதிய இடத்தில் தூண்கள் மண்ணுக்குள் நேராகவும் தார் மட்டத்தில் மடங்கியும் இருந்தன என்பதும், இதை அன்றே அறிந்தும் பதினேழு நாள் சொல்லாமல் இருந்தேன் என்பதும் மட்டும். கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினார். கால் மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது.

கடிதத்தைக் கொடுத்த கையோடு வேன் நிறுத்துமிடத்துக்குப் போனார். மைத்துனன் சாயங்கால நடையை முடித்துவிட்டு, துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆபீஸ் காகிதம் அவனிடம் போய்ச் சேருவதற்குள் தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று வந்தவர், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கடைசியிலிருந்து தொடங்கிவிட்டார். இரண்டு தூணை இடித்ததைச் சொன்னார், பிறகு மடிப்பைச் சொன்னார், தார் போட்டது தான் என்பதைச் சொன்னார். மைத்துனன் துடைப்பதை நிறுத்தவில்லை. முதலில் சிரித்தான்கூட. மாமா ஏதோ தமாஷ் செய்கிறார் என்று நினைத்திருப்பான். பிறகு துணி நின்றது.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"ரொட்டி வண்டி விழுந்த அன்னிக்கே."

மைத்துனன் விரல் விட்டு எண்ணினான். "பதினேழு நாள். ரெண்டு ஞாயிறு போனா பதினஞ்சு. போக வர முப்பது தடவை மாமா. போறப்பல்லாம் அந்தக் கறுப்பு மேல ஏறித்தான் போனேன். உங்க எதிர்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே அதைச் சொன்னேன். நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

கீழ் ரோட்டில் போகச் சொன்னதை ஞாபகப்படுத்தலாம் என்று மேஸ்திரிக்கு ஒரு நொடி தோன்றியது. தோன்றியதற்கே வெட்கமாக இருந்தது. மைத்துனன் துணியை உதறி மடித்துச் சீட்டுக்கு அடியில் வைத்தான். அக்கா வீட்டுக்கு வராமல் நேராகத் தன் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலையிலேயே வளைவில் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகைகளும் சிவப்புப் பீப்பாய்களும் வந்துவிட்டன. அந்தம்மா சொன்னபடி செய்தார். தாரை வெட்டி எடுக்கும் வேலைக்குத் திங்கட்கிழமை ஆர்டர். மேஸ்திரிக்கும் ஓர் ஆர்டர் வந்தது. விசாரணை முடியும்வரை அவர் எந்தத் தடுப்பின்மேலும் கைவைக்கக் கூடாது, வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பழைய கிடங்கில் போல்ட், நட் எண்ணி எடுத்துவைக்கும் வேலை. ஆட்களுக்குப் பொறுப்பு குண்டூசி. அவன் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பின்பக்கம் ஒரு சாணுக்குமேல் விடணும், அதை மறக்காதே என்பது மட்டும்தான் மேஸ்திரி அவனிடம் சொன்னது.

அந்தப் பழைய கிடங்குக்கு எப்படிப் போவது என்ற பேச்சு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வந்தபோது, மைத்துனன் வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. அக்காவைப் பார்த்துத்தான் பேசினான், செய்தி மாமாவுக்கு.

"நாளையிலிருந்து மாமா என் வண்டியில வரட்டும். தகட்டுப் பக்கம், ஜன்னலோரம் உக்காரணும். கடைசித் தூண் வெட்டற வரைக்கும்."

மனைவி வாயெடுத்தாள். மேஸ்திரி கையமர்த்தினார்.

அப்படித்தான் நடந்தது. தையல்காரப் பெண்களில் ஒருத்தி தினமும் ஜன்னலோரத்தை விட்டு நகர்ந்துகொண்டாள். காரணம் அவளுக்குத் தெரிந்திருந்தது, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் முகத்துக்கு நேரே எதுவும் கேட்கவில்லை, ஒருத்தி மட்டும் பின் சீட்டிலிருந்து, இன்றைக்குத் தூண் தாங்குமா அண்ணே என்று மெதுவாகக் கேட்டுவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேன் வளைவில் நுழையும்போது மேஸ்திரியின் வலது கால் தானாக முன்னால் நீண்டு, இல்லாத பிரேக்கை மிதிக்கும். முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்தாலும் பாதம் மிதித்துக்கொண்டே இருக்கும். குண்டூசி கீழ் முனையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு தூணைச் சுற்றியும் சதுரமாகத் தார் போய், புது மணல் தெரியும். அந்தத் தூண்களைத் தாண்டும்வரை மேஸ்திரிக்கு மூச்சு வரும். மணல் முடிந்து கறுப்பு தொடங்குகிற இடத்தில் நின்றுபோகும்.

ஒன்பதாவது நாள் காலையில் தூறல். வேன் பாதி வளைவு வந்திருந்தது. எதிரே மரக்கட்டை ஏற்றிய லாரி ஒன்று நடு ரோட்டில் அகலமாக இறங்கி வந்தது. மணல் சதுரங்கள் முடிந்திருந்தன, ஜன்னலுக்கு வெளியே கறுப்புக் கரை ஈரத்தில் மினுங்கியது. மேஸ்திரிக்கு மைத்துனனின் தோள் தெரிந்தது. அந்தத் தோள் இடப்பக்கம் திரும்பினால் வேன் கறுப்பின்மேல் ஏறும். இரண்டு வருடப் பழக்கம், கை தானாகத் திரும்புகிற இடம் அது. தோள் திரும்பவில்லை. வேன் இருந்த இடத்திலேயே நின்றது. லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார், விளக்கை அடித்தார், கண்ணாடியை இறக்கி ஏதோ வசவும் விட்டார். மைத்துனன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். கடைசியில் லாரி முனகிக்கொண்டு மலைப் பக்கமாக ஒதுங்கி, அங்குலம் அங்குலமாகக் கடந்து போயிற்று.

பதினான்கு பேரும் சேர்ந்து விட்ட மூச்சு வேனுக்குள் கேட்டது.

மைத்துனன் கியரில் கை வைத்தான், ஆனால் வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடியில் மேஸ்திரியைப் பார்த்தான். வேன் நிறுத்துமிடத்தில் பேசியதற்குப் பிறகு அவன் அவரிடம் நேராகப் பேசுவது அதுதான் முதல் தடவை.

"இன்னும் எத்தனை பாக்கி?"

"எண்பத்தி மூணு," என்றார் மேஸ்திரி. எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மைத்துனன் தலையாட்டினான். மழை கனத்தால் இன்றைக்குக் குண்டூசி வெட்டமாட்டான், நாளைக்கும் இதே எண்பத்து மூன்றுதான். அது இரண்டு பேருக்கும் தெரியும். வேன் நடு ரோட்டோடு மெதுவாக நகர்ந்தது. மேஸ்திரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, உதடு அசையாமல், ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனார். எண்பத்து இரண்டு, எண்பத்து ஒன்று, எண்பது. கால் மிதித்துக்கொண்டே இருந்தது.